கைலாசபதியின் முனைவர் பட்ட ஆய்வு

ஈழத்துத் திறனாய்வாளர் க. கைலாசபதி (1933–1982) இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், கிரேக்க இலக்கிய அறிஞர் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் செய்த ஒப்பிலக்கிய ஆய்வு. சங்கப் பாடல்களை ஹோமரின் காவியங்களோடும் பிற வீரயுகப் பாடல்களோடும் அது ஒப்பிட்டது. ஆய்வாளர்கள் மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் யூகோஸ்லாவியப் பாடகர்களிடம் நேரில் கேட்டு உருவாக்கிய வாய்மொழிக் கோட்பாடே அதன் அடித்தளம். சங்கப் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் அடைமொழிகளும் தொடர்களும் பாணர் மரபு சேர்த்துவைத்த கையிருப்பு என்றார் கைலாசபதி. துணிச்சலான வாதம் அது. புறநானூற்றுக்கு நன்கு பொருந்துகிறது, அகப்பாடல்களின் நுண்மைக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. ஆய்வு 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக ஆங்கிலத்தில் நூலாயிற்று. பின்னர் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட், சங்கப் பாடல்கள் வாய்மொழிப் பாடல்களை முன்மாதிரியாகக் கொண்டு கற்ற புலவர்கள் இயற்றியவை என்று மாறுபட்டார். ஒப்பாய்வில் இறங்கும் தமிழ் மாணவர்கள் இருவரையும் சேர்த்தே படிக்க வேண்டும்.