பெட்டியும் காசும்

ஒரு சிற்றூரில் வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டு விழா. நாவல் எழுதுகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். பேசுவதற்கு யாராவது ஒருவர் வேண்டியிருந்தது, நான் அகப்பட்டேன். வியாபாரத்தில் எனக்குள்ள அநுபவமெல்லாம் கடன் சொல்லிச் சாமான் வாங்கியதுதான். ஆகையால் சொற்களைப் பற்றிப் பேசித் தப்பித்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தேன்.

"வெள்ளைக்காரன் நம்மிடம் வியாபாரம் செய்ய வந்தான். நம் காசை மட்டுமா கொண்டுபோனான்? காசு என்ற சொல்லையும் அல்லவா கொண்டுபோனான்! இன்று உலகமெல்லாம் வழங்கும் 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல் நம்முடைய தமிழ்க் காசுதான்!" என்று ஒரு போடு போட்டேன். கொட்டகை அதிரும்படி கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் வயதான ஒருவர் என்னிடம் வந்தார். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவராம். "நன்றாகப் பேசினீர்கள். ஊருக்குப் போனதும் பெரிய அகராதியில் 'கேஷ்' என்ற சொல்லை ஒரு முறை பாருங்கள். இரண்டு இடத்தில் இருக்கும். இரண்டையும் பாருங்கள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பார்த்தேன். முதல் இடத்தைப் பார்த்ததுமே என் உற்சாகம் வடிந்துவிட்டது. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' தமிழிலிருந்து போகவில்லை. பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் பெட்டிக்கு வழங்கிய சொல்லிலிருந்து அது வந்தது. அதற்கும் மூலம், பேழை என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல். பணம் வைக்கும் பெட்டிக்கு முதலில் அந்தப் பெயர் இருந்தது. பிறகு பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கே ஆகிவிட்டது. வங்கியில் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேஷியர், சொல்லின்படி பார்த்தால், பெட்டிக்காரர்!

இது நமக்குப் புரியாத விஷயமும் அன்று. "கல்லாவில் கை வைத்துவிட்டான்" என்று நம் கடைத்தெருவில் சொன்னால், பெட்டியைத் தொட்டுப் பார்த்தான் என்றா அர்த்தம்? பணத்தை எடுத்துவிட்டான் என்றுதானே!

பிறகு மற்ற வியாபாரச் சொற்களையும் புரட்டிப் பார்த்தேன். பெரும்பாலானவை இப்படித்தான், கைக்கு எட்டிய சாதாரணப் பொருள்களில் பிறந்திருக்கின்றன. இத்தாலிய நகரங்களில் நாணயம் மாற்றுகிறவர்கள் போட்டிருந்த பலகைக்கு 'பாங்கா' என்று பெயர், அதுவே 'பாங்க்'. திவாலைக் குறிக்கும் 'பாங்க்ரப்ட்' என்பதோ உடைந்த பலகை. இங்கிலாந்து அரசரின் கஜானாவுக்கு 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் தந்தது சதுரங்கப் பலகை. 12-ஆம் நூற்றாண்டில், மேஜைமேல் கட்டம் போட்ட துணியை விரித்து, அதில் வில்லைகளை நகர்த்திக் கணக்குப் பார்த்தார்கள். 'கம்பெனி' என்றால் சேர்ந்து ரொட்டி தின்கிறவர்கள். 1600-ஆம் ஆண்டில் லண்டனில் ஏற்பட்ட கம்பெனி யாருடைய ரொட்டியைத் தின்றது என்பது வேறு கதை.

கைதட்டல் ஆசை நமக்கு மட்டும் உரியதன்று என்பதையும் கண்டுகொண்டேன். ரோமானியச் சிப்பாய்களுக்குச் சம்பளமாக உப்பை அளந்து கொடுத்தார்கள், அதனால்தான் 'ஸாலரி' என்ற சொல் வந்தது என்று ஆங்கிலேயர்கள் ஆசையோடு சொல்வதுண்டு. அந்தச் சொல்லுக்கும் உப்புக்கும் உறவு இருப்பது வாஸ்தவம். ஆனால் உப்பை அளந்து கூலி கொடுத்ததற்குச் சான்று கிடையாது. சிப்பாய்கள் வாங்கியது நாணயமாகத்தான்.

பெரியவர் இரண்டாவது இடத்தையும் பார்க்கச் சொன்னாரே, அங்கே என்ன இருந்தது?

அங்கேதான் நம் காசு இருந்தது! போர்ச்சுகீசியர் நம் கரைக்கு வந்தபோது 'காசு' என்ற சொல் அவர்கள் காதில் விழுந்தது. அவர்கள் மொழியில் பெட்டிக்கு 'காய்ஷா' என்று பெயர். நம் சொல்லையும் அதே உருவத்தில் வழங்கினார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் கற்றார்கள். இப்படியாக, ஒரே எழுத்துக்களுடன் இரண்டு 'கேஷ்' உண்டாயின. ஒன்று ஐரோப்பியப் பெட்டி. மற்றொன்று தமிழ்நாட்டுச் செப்புக் காசு.

சென்னைக் கோட்டையில் கம்பெனியார் எழுதிய கணக்கில் இந்தக் காசு வருகிறது: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818-இல் ரூபாய்க் கணக்கு வரும்வரை இப்படித்தான். அது மட்டுமா? சீன தேசத்தில் நடுவே சதுரத் துளையிட்டுக் கயிற்றில் கோத்து வைக்கும் நாணயத்துக்கும் ஆங்கிலேயர் 'கேஷ்' என்றே பெயரிட்டார்கள். சீனர் அதற்கு வழங்கிய பெயர் வேறு. நம் காசு அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

இன்னொரு சொல்லும் அகப்பட்டது. சரக்குக் கிடக்கும் இடம் கிடங்கு. இந்தச் சொல்லோ இதன் தெலுங்குச் சகோதரியோ கடல் கடந்து மலாய் மொழியில் 'குடாங்' ஆயிற்று என்பது அறிஞர் பலருடைய கருத்து. இதில் வியப்பில்லை. சுமத்ராத் தீவின் மேற்குக் கரையில், பாரூஸ் பக்கத்தில், ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் 1088-ஆம் ஆண்டில் தமிழிலேயே கல்வெட்டுப் பொறித்திருக்கிறார்கள். குடாங்கைப் போர்ச்சுகீசியரும் ஆங்கிலேயரும் எடுத்துக்கொண்டு 'கோடவுன்' ஆக்கினார்கள். அதை நாம் 'குடோன்' என்று திரும்ப வாங்கிக்கொண்டோம். வீட்டை விட்டு ஓடிய பிள்ளை வேஷம் மாறித் திரும்பி வந்ததும், பெற்றவர்களே "வாருங்கள் ஐயா, யார் நீங்கள்?" என்று கேட்ட கதைதான்!

இவ்வளவு உண்மையான வரவு நம் கணக்கில் இருக்கும்போது, அடுத்தவன் பெட்டியையும் நம்முடையது என்று நான் எதற்காக எழுத வேண்டும்? கணக்கில் ஒரு வரி பொய் என்று தெரிந்தால், பார்க்கிறவன் மற்ற வரிகளையும் நம்பமாட்டான். அன்று என் பேச்சைக் கேட்டவர்கள் கணக்கு எழுதிப் பிழைக்கும் வியாபாரிகள். இது என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அவர்களில் யாராவது இதைப் படித்தால் அறிந்துகொள்ளட்டும்: அன்று தட்டிய கைதட்டலில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மற்றப் பாதி அந்தச் செப்புக் காசுக்குச் சேர வேண்டியது, அதை வைத்துக்கொள்கிறேன்.