எடைத்தராசும் உடல்வலிமையும்: குன்னூர் எலிச் சோதனை – ஒரு மறுவாசிப்பு

வலிமைப் பயிற்சியால், அதாவது தசைகள் எதிர்த்து இயங்க வேண்டிய சுமையைப் படிப்படியாகக் கூட்டிச் செய்யும் பயிற்சியால், உடல் எடை குறையுமா என்னும் வினாவுக்குக் ‘குறையாது’ என விடை கூறி, அதனால் உடற்பருமனுக்கு அது உதவாது என்று முடிக்கும் ஆய்வுமரபு ஒன்று உண்டு. அம்மரபின் அளவீடுகளை ஏற்றுக்கொண்டே அதன் முடிவை மறுக்க இக்கட்டுரை முற்படுகிறது. எடையின் ஏற்ற இறக்கத்தை உடல்நிலையின் ஏற்ற இறக்கமாகவே கொள்ளும் வழக்கத்தை நீலகிரியில் நிகழ்ந்த பழைய சோதனை ஒன்றில் தெளிவாகக் காணலாம். அச்சோதனையை உரிய முறையில் வாசித்தால் இன்றைய வினாவும் திருத்தம் பெறும்.

குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் 1918இல் பெரிபெரி நோய் ஆய்வாகத் தொடங்கி, பிற்காலத்தில் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்த ஆய்வகத்தின் தோற்றுநர் இராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் ஏழு வகை உணவுமுறைகளை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். குழுவுக்கு 20 இளம் எலிகள். காலம் 140 நாள். முடிவில் சீக்கியர் உணவை உண்ட எலிகளின் சராசரி எடை 235 கிராமாகவும், பட்டாணியர் உணவில் 230, மராட்டியர் உணவில் 225, கூர்க்கர் உணவில் 200, கன்னடர் உணவில் 185, வங்காளியர் உணவில் 180, ‘மதராசி’ உணவில் 155 கிராமாகவும் இருந்தது. முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி, எப்போதேனும் இறைச்சி என அமைந்தது முதல் உணவு. கடைசி உணவோ அரிசியையே பெரிதும் நம்பியது, பால் மிக அருகியது. இந்த இறங்குவரிசை அவ்வம் மக்களின் உடற்கட்டு வரிசையோடு ஒத்துப்போவதாக 1936இல் இலண்டனில் ஆற்றிய கேன்டர் சொற்பொழிவுகளில் அவர் கருத்துரைத்தார்.

இதனை வாசித்தோர் இரு திறத்தார். எடை கூடிய உடலே வலிய உடல் என்று அட்டவணையை அப்படியே ஏற்றோர் ஒரு சாரார். ‘போர்க்குடிகள்’ என்னும் ஆங்கிலேயர் காலக் கற்பிதத்துக்கு எலிகளைச் சாட்சிக்கு அழைத்த முயற்சி என்று அதனை முற்றாக ஒதுக்கியோர் மறு சாரார். இரண்டாம் வாசிப்பில் நியாயம் உண்டெனினும், தராசு எதை நிறுத்தது என்னும் வினாவை இரு சாராருமே எழுப்பவில்லை. பரவலாக எடுத்தாளப்படும் அந்த அட்டவணையில் எலிகளின் வலிமை அளக்கப்படவில்லை; தசை இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்ற பிரிப்பும் இல்லை. ஆயினும், வளரும் பருவத்து விலங்குக்குப் புரதமும் உயிர்ச்சத்துகளும் தாதுக்களும் குறைந்தால் முதலில் தடைப்படுவது எலும்பும் தசையும் உள்ளிட்ட வளர்ச்சியே. ஆகவே 235க்கும் 155க்கும் இடைப்பட்ட 80 கிராமின் பெரும்பகுதியைக் கொழுப்பற்ற நிறையாக, அதாவது கொழுப்பு நீங்கலாக உடலில் எஞ்சும் தசை, எலும்பு, நீர் முதலியவற்றின் நிறையாகக் கொள்வது பொருந்தும். வளரும் எலியில் எடை அத்தகைய நிறைக்கு ஒருவாறு ஈடாக நின்றது. வளர்ந்து முடிந்து, நாற்காலியில் அமர்ந்து பணிபுரியும் மனிதரில் அது அவ்வாறு நிற்பதில்லை.

வலிமையை நேரே அளக்கும் வழக்கம் அதே மலையில் இருந்ததும் இங்கு கருதத்தக்கது. உதகையை அடுத்த முத்தநாடு மந்தில் (மந்து – நீலகிரிப் பழங்குடியினரான தோடரின் குடியிருப்பு) மொற்பர்த் திருநாளன்று தோடர் இளைஞர்கள் இளவட்டக் கல்லைத் தூக்குவது இன்றும் நிகழ்கிறது. தோடர் மந்துகளில் இருந்த தூக்குகற்களை மானிடவியலார் ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலும் குறிப்பிடுகிறது. கல் தோளுக்கு ஏறிற்றா என்று மட்டுமே அங்கு பார்க்கப்படுகிறது. தூக்கியவரின் எடையை எவரும் கேட்பதில்லை.

இந்தப் பின்னணியில், வலிமைப் பயிற்சிக்கு எதிராக அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் டியூக் பல்கலைக்கழக ஆய்வை (2012) நோக்கலாம். பருமன் மிக்க, உடலுழைப்புக் குறைந்த 119 பேர் எட்டு மாதப் பயிற்சியை நிறைவு செய்தனர். ஓட்டம், மிதிவண்டி போன்ற ஏரோபிக் பயிற்சி மட்டும் செய்தவர்களின் எடை சராசரியாக 1.76 கிலோ குறைந்தது. வலிமைப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கோ 0.83 கிலோ கூடியது. மேற்சுட்டிய ஆய்வுமரபு இவ்விடத்திலேயே நின்றுவிடுகிறது. அந்த 0.83 கிலோ என்பது கொழுப்பற்ற நிறையில் 1.09 கிலோ ஏறி, கொழுப்பில் 0.26 கிலோ இறங்கியதன் நிகரத் தொகை. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு எடை 1.63 கிலோவே குறைந்தது. ஆனால் கொழுப்பு 2.44 கிலோ குறைந்திருந்தது. தராசை மட்டும் நம்பினால் ஏரோபிக் பயிற்சியே முந்துகிறது; கொழுப்பைக் கணக்கிட்டால் முந்துவது இணைந்த பயிற்சி. குன்னூரில் எடை ஏறியது ஆக்கமாக எண்ணப்பட்டது, டியூக்கில் அதே ஏற்றம் தோல்வியாக எண்ணப்படுகிறது. இரு முடிவுகளுமே தராசு காட்டிய எண்ணுக்கு உள்ளே செல்லாதவை.

எனினும் எச்சரிக்கை தேவை. 0.26 கிலோ என்பது புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க குறைவன்று. இணைந்த பயிற்சிக்கு ஏறத்தாழ இருமடங்கு நேரமும் செலவாயிற்று. ஆகவே உணவைக் கட்டுப்படுத்தாமல் வலிமைப் பயிற்சி மட்டுமே செய்து கொழுப்பைக் கரைத்துவிடலாம் என்பதற்கு இவ்வாய்வு இடந்தரவில்லை. தசை கூடினால் ஓய்விலும் உடல் பெருமளவு ஆற்றலை எரிக்கும் என்ற பரவலான நம்பிக்கையும் நிலைக்காது. ஒரு கிலோ தசை ஓய்வில் நாளொன்றுக்குச் சுமார் 13 கிலோகலோரியே செலவிடுகிறது; தேநீரில் இடும் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையே அதனை ஈடுகட்டிவிடும்.

பயிற்சியின் உண்மைப் பயன் உணவுக் குறைப்போடு சேரும்போது புலப்படுகிறது. பருமன் மிக்க 160 முதியோரைக் கொண்டு 2017இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், உணவைக் குறைத்துப் பயிற்சி செய்த மூன்று குழுவினருக்கும் எடை ஒன்றுபோல 9 விழுக்காடு குறைந்தது. ஆனால் கொழுப்பற்ற நிறையின் இழப்பு ஏரோபிக் குழுவில் 5, இணைந்த குழுவில் 3, வலிமைக் குழுவில் 2 விழுக்காடு. தராசு மூன்று குழுவினரையும் ஒன்றாகக் காட்ட, உடல்கள் வேறுபட்டிருந்தன. இவ்வேறுபாடு இந்தியருக்குக் கூடுதல் முதன்மை உடையது. மருத்துவ ஆய்வாளர்களான புனேயைச் சேர்ந்த யாஜ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த யட்கினும் 2004இல் தம்மையே சான்றாக்கி வெளியிட்ட குறிப்பில், இருவரின் உடல்நிறைக் குறியெண்ணும் (கிலோகிராம் எடையை மீட்டரில் அளந்த உயரத்தின் இருபடியால் வகுத்து வரும் எண்) 22.3, கொழுப்போ முன்னவருக்கு 21.2 விழுக்காடு, பின்னவருக்கு 9.1 விழுக்காடு. தசை குறைந்து கொழுப்பு மிகுந்த உடலில் எடையை மட்டும் குறைப்பது, இருக்கும் தசையையும் இழக்கச் செய்வதாகலாம்.

இனி, இதே மலைச் சரிவில் நாள்முழுதும் ஏறி இறங்கித் தேயிலைக் கொழுந்து பறிக்கும் தோட்டத் தொழிலாளருக்கு இப்பயிற்சி எதற்கு என்ற மறுப்பு நெடிது விவாதிக்கத் தக்கதன்று. கொழுந்து பறித்தல் சிறு அசைவை ஆயிரக்கணக்கான முறை செய்யும் தாங்குதிறன் வேலை. பறித்ததைச் சுமந்து நிறுவைக்குக் கொண்டுசெல்லும் சுமையும், கவ்வாத்துக் கத்தியின் வீச்சும் உழைப்பே ஆயினும், தசையின் வளர்ச்சிக்கு ஏற்பத் திட்டமிட்டுக் கூட்டப்படுவன அல்ல. உழைப்பையும் பயிற்சியையும் ஒன்றாக்கினால் உழைப்பவரின் தேய்மானமும் கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

ஆகவே வலிமைப் பயிற்சி எடையைக் குறைக்கும் கருவி என்பதைவிட, எடை குறையும்போது தசையைக் காக்கும் கருவி என்பதே சான்றுகளுக்கு இசைந்த முடிவு. மலைத் தோட்ட மருத்துவமனைகளில் எடைத்தராசோடு இடுப்புச் சுற்றளவை (இந்திய ஆடவருக்கு 90, பெண்டிருக்கு 80 சென்டிமீட்டர் என்னும் வரம்போடு ஒப்பிட்டு) எடுத்து, கைப்பிடி வலிமையையும் குறித்து வந்தால், பயிற்சியின் விளைவை உரிய இடத்தில் காணலாம். அவ்விரண்டும் இல்லாமல் எடையை மட்டும் வைத்து ‘பயன் இல்லை’ எனத் தீர்ப்பளிக்கும் ஆய்வுகளை இவ்வினாவில் இறுதிச் சான்றாகக் கொள்வதற்கில்லை.