அவையும் அரண்மனையும்: பேராக் ஆட்சிமாற்றங்களின் வரலாறு

ஒரு மாநிலத்தில் ஆட்சி அமைதியாகக் கைமாறுவதற்குத் தோற்றவர் நாற்காலியை விட்டு இறங்கினால் மட்டும் போதாது. பெரும்பான்மை யாருக்கு என்பதை எந்த இடத்தில், எவர் எண்ணி உறுதிசெய்வது என்பதிலும் எல்லாத் தரப்புக்கும் உடன்பாடு இருக்க வேண்டும். மலேசியாவின் பேராக் மாநிலம் இவற்றுள் முதலாவதை அதிகச் சிரமமின்றிக் கற்றுக்கொண்டது. இரண்டாவதற்காக அது பெருவிலை கொடுத்தது. ஈப்போ நகரத்திலும் அதைச் சுற்றிய பழைய ரப்பர்த் தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழர்கள் இந்த வரலாற்றின் நடுவிலேயே நின்றார்கள் என்பதால், தமிழில் இது இன்னும் விரிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தோட்டத் தமிழர் கையில் வாக்குச்சீட்டு தாமதமாகத்தான் வந்தது. சுதந்திரத்துக்கு முன் 1955-இல் நடந்த கூட்டரசுத் தேர்தலில் பதிவுபெற்ற வாக்காளர்களுள் இந்தியர் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. பால்மரம் சீவிய பெரும்பாலோருக்கு அப்போது குடியுரிமையே கிடைத்திருக்கவில்லை. குடியுரிமை மெல்ல மெல்லக் கிடைத்த பின் பேராக்கின் தமிழ் அரசியல் இரண்டு கிளைகளாக வளர்ந்தது. தோட்டப்புறத்தில் வேரூன்றியது மலேசிய இந்தியர் காங்கிரஸ் எனப்படும் மஇகா. அதன் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1959 முதல் சுங்கை சிப்புட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். ஈப்போ நகரத்திலோ யாழ்ப்பாணத் தமிழ் வழக்கறிஞர் குடும்பத்தைச் சேர்ந்த டி. ஆர். சீனிவாசகம், எஸ். பி. சீனிவாசகம் சகோதரர்கள் வழிநடத்திய மக்கள் முற்போக்குக் கட்சி, பெருமளவு சீன வாக்காளர்களின் ஆதரவுடன் எதிர்க்கட்சியாக ஓங்கி நின்றது.

1969 தேர்தலில் பேராக் சட்டமன்றத்தின் 40 இடங்களுள் ஆளும் கூட்டணிக்கு 19 மட்டுமே கிடைத்தன. முற்போக்குக் கட்சி 12 இடங்களைப் பெற்றது. தனிப்பெரும்பான்மை எவருக்கும் இல்லாத அந்த முடிவை அவையில் எண்ணிப் பார்ப்பதற்குள் மே 13 இனக்கலவரம் வெடித்து, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. ஆளும் கூட்டணி பதவியில் தொடர்ந்தது. 1972-இல் முற்போக்குக் கட்சியே மாநில அரசில் இணைந்துகொண்டது. வாக்காளர் எழுப்பிய ஐயத்துக்கு அவை விடையளிக்காமலேயே ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

2008 மார்ச் 8 அன்று நடந்தது அதற்கு நேர்மாறானது. முந்தைய நவம்பரில் கோலாலம்பூரில் இந்தியர் உரிமை கோரி நடந்த ஹிண்ட்ராப் இயக்கப் பேரணியின் சூடு ஆறாத நிலையில், தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாற்றப்பட்டும் லயங்களை விட்டு வெளியேறி நகர ஓரங்களில் குடியேறியிருந்த தமிழர்கள் பெருமளவில் எதிர்க்கட்சிகளுக்கு வாக்களித்தனர். 1974 முதல் சுங்கை சிப்புட்டைத் தன்வசம் வைத்திருந்த மஇகா தலைவர் ச. சாமிவேலு, மருத்துவர் மைக்கேல் ஜெயக்குமாரிடம் 1,821 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். 34 ஆண்டுப் பிடி ஒரே இரவில் தளர்ந்தபோதும் தெருவில் கல்லெறி இல்லை, பெட்டிகளைப் பற்றிய பெரும் வழக்கில்லை. 59 இடங்கள் கொண்ட மாநிலச் சட்டமன்றத்தில் ஜனநாயக செயல் கட்சி (ஜசெக) 18, மக்கள் நீதிக் கட்சியான கெஅடிலான் 7, இஸ்லாமியக் கட்சியான பாஸ் 6 என 31 இடங்களைப் பெற்ற மக்கள் கூட்டணி, 28 இடங்களோடு நின்ற, பழைய ஆளும் கூட்டணியின் வாரிசான தேசிய முன்னணியிடமிருந்து ஆட்சியைப் பெற்றுக்கொண்டது. மந்திரி பெசார், அதாவது மாநில முதலமைச்சர், மலாய் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்பது பேராக் அரசியலமைப்பின் பொதுவிதி. ஆகவே மூன்றனுள் மிகச் சிறிய கட்சியான பாஸைச் சேர்ந்த முகமட் நிசார் ஜமாலுடின் மார்ச் 17 அன்று அப்பதவியை ஏற்றார். சபாநாயகராக ஜசெகவின் வீ. சிவகுமார் தேர்வானார், மலேசிய மாநிலச் சட்டமன்றம் ஒன்றில் அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே.

அந்த ஆட்சி பதினொரு மாதங்கூட நிறைவு பெறவில்லை. 2009 பிப்ரவரித் தொடக்கத்தில் கெஅடிலானைச் சேர்ந்த இருவரும், துணைச் சபாநாயகராக இருந்த ஜசெக உறுப்பினர் ஒருவரும் கட்சியை விட்டு விலகித் தேசிய முன்னணியை ஆதரிப்பதாக அறிவித்தனர். கட்சி தாவுபவரைத் 'தவளை' என்று மலேசியர் அழைக்கும் வழக்கு அந்த வாரத்தில் ஊரெல்லாம் ஒலித்தது. சட்டமன்றத்தைக் கலைத்து மக்களிடமே மறுபடி கேட்போம் என்று நிசார் சுல்தான் அஸ்லான் ஷாவிடம் வேண்டினார். நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்து அரியணைக்கு வந்தவரான சுல்தான், உறுப்பினர்களை அரண்மனைக்கு அழைத்து அவர்களின் ஆதரவு யாருக்கு என்று நேரில் கேட்டறிந்து, கலைப்பை மறுத்து, நிசாரைப் பதவி விலகப் பணித்தார். பிப்ரவரி 6 அன்று அரச நகரான கோலகங்சாரில் தேசிய முன்னணியின் சம்ரி அப்துல் காதிர் மந்திரி பெசாராகப் பதவியேற்றார். துப்பாக்கி வெடிக்கவில்லை, இராணுவம் நகரவில்லை. ஆயினும் மாநிலம் அமைதி இழந்தது.

மார்ச் 3 அன்று சபாநாயகர் அவசரக் கூட்டத்தைக் கூட்டியபோது மாநிலச் செயலகத்துக்குள் நுழையும் வழி அடைக்கப்பட்டிருந்தது. மக்கள் கூட்டணி உறுப்பினர்கள் அருகிலிருந்த தூங்குமூஞ்சி மரத்தின் நிழலில் கூடி, அங்கேயே அவை நடத்தி, கலைப்புக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றினர். அந்த மரம் அன்று முதல் 'ஜனநாயக மரம்' என்ற பெயர் பெற்றது. மே 7 அன்று நிகழ்ந்ததோ எந்தச் சட்டமன்றத்துக்கும் பெருமை சேர்க்காதது. ஒரே மண்டபத்தில் இரண்டு சபாநாயகர்கள் இருந்தனர். ஒருவர் பதவியிலிருந்த சிவகுமார், மற்றவர் தேசிய முன்னணித் தரப்பு அன்று தேர்ந்தெடுத்த மஇகாவின் ஆர். கணேசன். சபாநாயகருக்குரிய கறுப்பு அங்கியோடு இருந்த சிவகுமாரைக் காவலர்கள் இழுத்து வெளியேற்ற, அவையைத் தொடங்கிவைக்க வந்திருந்த இளவரசர் ராஜா நஸ்ரின் ஷா பல மணி நேரம் காத்திருந்த பின்பே உரையாற்ற முடிந்தது. அந்நாற்காலிக்காக அன்று எதிரெதிரே நின்ற இருவருமே தமிழர் என்பது சமூகத்துக்குள் ஆழ்ந்த வருத்தத்தை விளைத்திருக்க வேண்டியதொன்று.

வழக்கு நீதிமன்றங்களில் ஏறியிறங்கியது. அவையில் வாக்கெடுப்பு நடத்தாமல் நம்பிக்கை இழப்பை முடிவுசெய்யலாமா என்பதே அடிப்படைக் கேள்வி. சரவாக்கில் 1966-இல் முதலமைச்சர் ஸ்டீபன் காலோங் நிங்கான், உறுப்பினர்கள் கையொப்பமிட்ட கடிதத்தைக் கொண்டு நீக்கப்பட்டபோது, அவையில் வாக்கெடுப்பு நடந்தால்தான் செல்லும் என்று கூச்சிங் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. நைஜீரியாவின் மேற்கு மாகாணத்திலிருந்து எழுந்த வழக்கிலோ, லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் 1963-இல் கடிதமே போதும் என்றது. கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் 2009 மே 11 அன்று முதல் வழியைப் பின்பற்றி நிசாரே சட்டப்படியான மந்திரி பெசார் என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே மாதம் 22 அன்று அதை மாற்றியது. 2010 பிப்ரவரி 9 அன்று கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சம்ரியின் பதவியை உறுதிசெய்தனர். தீர்ப்பு வந்ததும் நிசார் தரப்பு எதிர்க்கட்சி இருக்கையில் அமர்ந்து அடுத்த தேர்தலுக்காகக் காத்திருந்தது; 2013-இல் தேசிய முன்னணி 31 இடங்களை வென்று ஆட்சியைத் தக்கவைத்தது. இத்தீர்ப்பு சட்டத்தைத் தெளிவாக்கியது உண்மையே. ஆனால் வாக்களித்தவரின் கண்முன்னே எண்ணப்படாத பெரும்பான்மைக்கு, எண்ணப்பட்ட பெரும்பான்மைக்குரிய மதிப்பு ஒருபோதும் கிடைப்பதில்லை. தம் வாழ்நாளில் முதன்முறையாக ஆட்சியை மாற்றிய தோட்டப்புறத்து முதியவரிடம் உங்கள் வாக்கு எங்கே போயிற்று என்று கேட்டால், மந்திரி பெசார் பதவி பற்றிய பேராக் அரசியலமைப்பின் 16-ஆம் விதியைக் காட்டி அவரைத் தேற்ற இயலாது.

விடை 2020-இல் அவைக்குள்ளேயே வந்தது. பெர்சத்து கட்சியின் அகமட் பைசால் அசுமு மந்திரி பெசாராக இருந்தபோது, அவர்மீது நம்பிக்கைத் தீர்மானம் அவையில் கொண்டுவரப்பட்டது. டிசம்பர் 4 அன்று நடந்த வாக்கெடுப்பில் அவருக்கு ஆதரவாக 10 பேரும் எதிராக 48 பேரும் வாக்களிக்க, ஒரு வாக்குச் செல்லாததாயிற்று. தோல்வியை ஏற்று அவர் பதவி விலகினார். ஆறு நாள்களில் சாராணி முகமட் பதவியேற்றார். அவரை நியமித்தவர், பதினோராண்டுகளுக்கு முன் அதே மண்டபத்தில் பல மணி நேரம் காத்திருந்த ராஜா நஸ்ரின். 2014-இல் தந்தை அஸ்லான் ஷாவின் மறைவுக்குப் பின் அவர் சுல்தானாகியிருந்தார்.

2022 நவம்பர் தேர்தலில் எந்த அணிக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது, 24 இடங்கள் பெற்ற நம்பிக்கைக் கூட்டணியும் 9 இடங்கள் பெற்ற தேசிய முன்னணியும், அதாவது 2009-இல் மரத்தடியிலும் மண்டபத்திலுமாகப் பிரிந்து நின்ற முகாம்களின் வழிவந்தவர்கள், ஒன்றுசேர்ந்து ஈப்போவில் ஆட்சி அமைத்தனர். அடுத்த மாதம் கூட்டரசு அமைச்சரவை பதவியேற்றபோது வெளியுறவு அமைச்சராகச் சம்ரி அப்துல் காதிரும், மனிதவள அமைச்சராக வீ. சிவகுமாரும் ஒரே விழாவில் உறுதிமொழி எடுத்துக்கொண்டனர்.