ஈ.சி.ஜி. – இதய மின்வரைபடம்

'எலெக்ட்ரோகார்டியோகிராம்' என்பதன் சுருக்கம். மூன்று கிரேக்கச் சொற்கள் சேர்ந்தது: எலெக்ட்ரான் – அம்பர், கார்டியா – இதயம், கிராமா – எழுதப்பட்டது. தேய்த்த அம்பர் துரும்பை ஈர்க்கும். மின்சாரத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர் அதிலிருந்து பிறந்தது. தமிழின் 'மின்' ஒளிர்தலைக் குறிக்கும் வேர். மின்னலும் அதன் வழியே வந்தது. ஜெர்மன் எழுத்துமுறையைத் தழுவி ஈ.கே.ஜி. என்பாரும் உண்டு.

ஓய்வில் இருக்கும் இதயக் கீழறைத் தசைச் செல்லின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 90 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும். வலது மேலறையிலுள்ள சைனஸ் கணுவில் எழும் தூண்டல் வந்து சேர்ந்ததும் சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன, மின்னழுத்தம் தலைகீழாகிறது. பிறகு பொட்டாசியம் வெளியேற, பழைய நிலை திரும்புகிறது. இம்மாற்றம் செல்லுக்குச் செல் பரவ, தோல்வரை வந்து சேர்வது ஏறக்குறைய 1 மில்லிவோல்ட் மட்டுமே.

அதை மனித உடலின் மேற்பரப்பிலிருந்து 1887இல் லண்டனில் பதிவு செய்தவர் அகஸ்டஸ் வாலர். நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன், காந்தப்புலத்தில் வெள்ளி பூசிய குவார்ட்ஸ் இழையை நிறுத்தி, அதன் அசைவால் துல்லியமாக அளந்தார். 1924இல் நோபல் பரிசு பெற்றார். அலைகளுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி எனப் பெயரிட்டவரும் அவரே. பி மேலறைகளின் தூண்டல், க்யூ.ஆர்.எஸ். கீழறைகளின் தூண்டல்; டி கீழறைகள் ஓய்வுநிலைக்குத் திரும்புதல். மாரடைப்பு ஐயம் எழுந்தால் மருத்துவர் முதலில் கேட்பது இந்தப் படத்தைத்தான்.