ரப்பர் கையுறையிலிருந்து மங்குக் களிம்பு வரை

கன்னத்து எலும்பின் மேலும் நெற்றியிலும் மேலுதட்டை ஒட்டியும் பழுப்பாகப் படரும் கருந்திட்டுக்குத் தமிழில் மங்கு என்று பெயர். கர்ப்ப காலத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும், வெயிலில் நின்று வேலை செய்பவர்களுக்கும் அது வருகிறது. பேச்சில் அதை ‘மங்கு விழுந்துவிட்டது’ என்பார்கள். ஜாதிக்காயைப் பாலில் இழைத்துப் பூசுவது பழைய வீட்டு வைத்தியம். மருந்துக்கடையில் குழாயில் அடைத்து விற்கும் களிம்பு வந்த வழி வேறு. அந்த வழி ஒரு தோல் பதனிடும் ஆலையைத் தொட்டு வருகிறது.

அந்தக் களிம்புக்கு முன்பு உலகெங்கும் முகத்தை வெளுக்கப் பயன்பட்டது பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனினைத் தயாரிக்க தைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதி வேலை செய்யத் தாமிரம் வேண்டும். பாதரசம் தாமிரத்தின் இடத்தில் உட்கார்ந்து நொதியை முடக்கிவிடுகிறது. முகம் வெளுக்கும், பாதரசமோ தோல்வழி இறங்கிச் சிறுநீரகத்தில் போய்த் தங்கும். 1972இல் நைரோபி மருத்துவர்கள், சிறுநீரில் புரதம் வெளியேறி உடல் வீங்கும் நோயோடு வந்த 60 பேரை விசாரித்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாதரச வெளுப்புக் களிம்பு பூசியவர்கள். அடுத்த ஆண்டே அமெரிக்கா அழகுப் பொருள்களில் பாதரசத்தைத் தடை செய்தது.

பாதரசத்தின் இடத்துக்கு வந்த ஹைட்ரோகுவினோன் புதிய பொருள் அல்ல. சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்த பெல்லத்தியே, கவெந்து என்ற பிரெஞ்சு வேதியியலாளர்களே 1820இல் இதையும் கண்டார்கள். 1880இல் வில்லியம் ஆப்னி, புகைப்படத் தகட்டில் படத்தை வெளிக்கொணர இது உதவும் என்று காட்டினார். அதன்பின் ஏறக்குறைய நூறாண்டுக் காலம் ஸ்டுடியோ இருட்டறைகளின் டெவலப்பர் கரைசலில் இருந்தது இதுதான். வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பைக் கறுப்பாக்கிய அதே பொருள், பின்னாளில் முகத்தின் கறுப்பைக் குறைக்க வந்தது வேடிக்கைதான்.

தோலின் நிறத்தோடு இந்த வேதிக் குடும்பத்துக்கு உள்ள உறவு ஒரு விபத்தில் தெரியவந்தது. 1939இல் ஆலிவர், ஸ்வார்ட்ஸ், வாரன் என்ற மூன்று மருத்துவர்கள் அமெரிக்கத் தோல் ஆலை ஒன்றிலிருந்து ஒரு செய்தியை வெளியிட்டார்கள். அங்கே ரப்பர் கையுறை மாட்டி வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்களின் கையும் முன்கையும், கையுறை மூடிய இடமெல்லாம், வெளிறிப் போயிருந்தன. ரப்பர் கெடாமலிருக்கச் சேர்த்த மோனோபென்சோன் என்ற பொருள்தான் காரணம். அது ஹைட்ரோகுவினோனின் நெருங்கிய உறவு. தைரோசின் என்ற அமினோ அமிலத்தைப் போலவே வடிவம் இருப்பதால், நிற அணுக்கள் ஏமாந்து இதைக் கையாளப் பார்க்கின்றன. அதில் பிறக்கும் நச்சுப் பொருள் அந்த அணுவையே கொன்றுவிடுகிறது.

தொழிலாளிக்குக் கேடாக இருந்ததை மருத்துவர்கள் மருந்தாகப் பார்த்தார்கள். 1950களில் மோனோபென்சோனை மங்குக்கும் பூசிப் பார்த்தார்கள். சிலருக்குப் பூசிய இடம் மட்டுமன்றிப் பூசாத இடத்திலும், காகிதத் துண்டுகளைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன. பல மறையவே இல்லை. இன்று அதற்கு ஒரே வேலைதான் மிச்சம்: உடலின் பெரும்பகுதி ஏற்கெனவே வெண்புள்ளியால் வெளுத்துவிட்டவர்களுக்கு, எஞ்சிய நிறத்தையும் நிரந்தரமாக நீக்குவது. 2013இல் ஜப்பானில் இதே கதை திரும்ப நடந்தது. ரோடோடெண்ட்ரால் என்ற, இதே குடும்பத்துப் பொருள் கலந்த களிம்புகளைப் பூசிய ஆயிரக்கணக்கானோருக்கு வெண்திட்டு விழுந்து, களிம்புகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. கையுறைப் பாடம் படித்து 74 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஹைட்ரோகுவினோன் அவ்வளவு மூர்க்கம் இல்லாதது. அது பெரும்பாலும் நொதியைத்தான் தடுக்கிறது. நிறுத்தினால் நிறம் திரும்புகிறது. 1961இல் மால்கம் ஸ்பென்சரும், 1965இல் ஆர்ண்ட், ஃபிட்ஸ்பேட்ரிக் இருவரும் இதை மனிதத் தோலில் சோதித்து எழுதினார்கள். தனியாகப் பூசினால் பலன் மெதுவாகத்தான் வந்தது.

1975ஆம் ஆண்டை இந்த மருந்தின் வரலாற்றில் இரண்டு முறை எழுத வேண்டும். அந்த ஆண்டு அமெரிக்காவில் ஆல்பர்ட் கிளிக்மன், ஐசக் வில்லிஸ் இருவரும் ஒரு கூட்டுக் களிம்பை வெளியிட்டார்கள்: ஹைட்ரோகுவினோன் 5%, ட்ரெட்டினாயின் 0.1%, டெக்சாமெத்தசோன் 0.1%. கணக்கு நேர்த்தியானது. ட்ரெட்டினாயின் மேல்தோலைச் சீக்கிரம் உதிரச் செய்து மருந்தை உள்ளே விடுகிறது. அதனால் வரும் எரிச்சலை ஸ்டீராய்டான டெக்சாமெத்தசோன் தணிக்கிறது. ஸ்டீராய்டு தோலை மெலியவைப்பதை ட்ரெட்டினாயின் ஓரளவு ஈடுகட்டுகிறது. இன்றைய மூன்று மருந்துக் களிம்புகள் எல்லாம் இந்தச் சமையல் குறிப்பின் பிள்ளைகள். சில வாரங்களுக்கென்று வகுத்த குறிப்பு அது என்பதைத்தான் பின்னால் வந்தவர்கள் மறந்தார்கள்.

அதே 1975இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஃபிண்ட்லேயும் அவர் சகாக்களும் எழுதியது எதிர்ச் செய்தி. கடையில் தாராளமாகக் கிடைத்த ஹைட்ரோகுவினோன் களிம்பை ஆண்டுக்கணக்கில் பூசிய கறுப்பினப் பெண்களின் கன்னம், வெளுப்பதற்குப் பதிலாக நீலம் கலந்த கறுப்பாகி, மீன்முட்டை ஒட்டியதுபோல சொரசொரத்துப் போயிருந்தது. அந்தத் தோலை நுண்நோக்கியில் பார்த்தால் காவி நிறத்தில் வாழைப்பழம்போல் வளைந்த இழைகள் தெரியும். காவி மண்ணைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஓக்ரோனோசிஸ் என்று பெயர். கறுக்கக் கறுக்க இன்னும் அதிகம் பூசினார்கள்; பூசப் பூச இன்னும் கறுத்தது. வந்தால் போக்குவது மிகக் கடினம். நிறத்தை வைத்தே மனிதரைப் பிரித்த நாட்டில் இந்தக் களிம்புகள் ஏன் அவ்வளவு விற்றன என்பதற்குத் தனி விளக்கம் வேண்டியதில்லை. முதலில் 2% என்று வரம்பு வைத்துப் பார்த்தார்கள், போதவில்லை. 1990இல் அழகுப் பொருள்களில் ஹைட்ரோகுவினோனுக்கும், ‘வெளுக்கும்’ என்று சொல்லும் விளம்பரத்துக்கும் சேர்த்தே அந்த நாடு தடை போட்டது. 2001இல் ஐரோப்பிய நாடுகள் சருமம் வெளுக்கும் அழகுப் பொருள்களிலிருந்து அதை விலக்கின. அமெரிக்காவில் 2% களிம்பு 2020 வரை சீட்டில்லாமல் கிடைத்தது. இப்போது மருத்துவர் எழுதினால்தான்.

இந்தியாவில் கேடு வேறு வாசல் வழியாக வந்தது. இங்கே மூன்று மருந்துக் களிம்பில் பெரும்பாலும் மொமெட்டசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டைச் சேர்த்தார்கள். ஸ்டீராய்டு பூசினால் இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்து, காலிக் குழாயை எடுத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போவார். மங்கே இல்லாதவரும் முகப்பூச்சாகப் பூசத் தொடங்குவார். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். எரிச்சலுக்குப் பயந்து மறுபடி பூசுவார். தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் சிவப்பு நூலாகத் தெரிந்து, பருவும் முடியும் முளைக்கும். 2011இல் வெளிவந்த ஆய்வொன்றில், 12 மையங்களில் முகத் தோல் சிக்கலோடு வந்த 2926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தவர்கள். தோல் மருத்துவர் சங்கத்தின் நெடிய வற்புறுத்தலுக்குப் பின், 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு வெளிப்பூச்சுகளை, மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடிய மருந்துகளின் எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. சட்டம் வந்தும் சீட்டு கேட்காத கவுண்ட்டர்கள் குறைந்தபாடில்லை. பாதரசமும் போய்விடவில்லை: கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021க்கும் 2023க்கும் இடையே கண்டறிந்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகளில் பலர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள்.

இன்று தோல் மருத்துவர் சொல்லும் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்குப் பின்னாலும் இவற்றில் ஏதோவொரு கேடு இருக்கிறது. ஸ்டீராய்டு கலந்த களிம்பு 8 வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது. 2002இல் அமெரிக்கா ஒப்புக்கொண்ட மூன்று மருந்துக் களிம்பின் சோதனைக் காலமும் அதுவே. தனி ஹைட்ரோகுவினோன் 2 முதல் 4% வரை, இரண்டு மூன்று மாதத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்த வேண்டும். தெரிந்தாலும் இடைவெளி விட வேண்டும். முதலில் காதின் பின்புறம் சிறிது தடவி ஒருநாள் பார்ப்பது நல்லது. பட்டாணி அளவு, இரவில், திட்டின் மேல் மட்டும். வெயில் பட்டால் ட்ரெட்டினாயின் சிதையும். பூசிய ஹைட்ரோகுவினோனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உடலுக்குள் போவதால் கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை. பகலில் சன்ஸ்கிரீன் போடாதவருக்கு இரவுக் களிம்பு வீண். ஒரு மதியம் வெயிலில் அலைந்தால் மங்கு பழையபடி வந்து உட்காரும்.

இருட்டறை டெவலப்பரைப் போலவே இந்தக் களிம்பும் காற்றுப் பட்டால் நிறம் மாறும். மூடியைத் திறந்து பிதுக்கும்போது வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இல்லாமல் பழுப்பாக வந்தால் மருந்து கெட்டுவிட்டது. முகத்தில் வைக்காமல் எறிந்துவிடுங்கள்.