மணி பிளான்ட் வாடுதா? தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி வேரைப் பாருங்க!

ஆசையாக வாங்கி ஹாலில் வைத்த மணி பிளான்ட் திடீர்னு மஞ்சளாகி, தலை தொங்கி நிற்கிறதா? 'தண்ணி பத்தலை போல'ன்னு உடனே ஒரு சொம்பு ஊத்திடாதீங்க. மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால், அது வேரழுகலாக இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் ஊற்றும் அந்த ஒரு சொம்பே செடிக்கு எமனாகிவிடும்!

ஏன் வருது?

வேருக்கும் காற்று வேணும். தொட்டியில் தண்ணீர் தேங்கினால், வேருக்கு மூச்சு முட்டும். பலவீனமான வேரை பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூஞ்சை வகைக் கிருமிகள் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் ஈரத்தில் நின்னுக்கிட்டே செடி தாகத்தில் வாடுது.

எப்படிக் கண்டுபிடிக்கிறது?

செடியை மெதுவாக உருவிப் பாருங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகவோ கறுப்பாகவோ, தொட்டால் கொழகொழவென இருக்கும். கெட்ட வாடையும் வரலாம்.

எப்படிக் காப்பாத்துறது?

* வேரைத் தண்ணீரில் அலசி, அழுகிய பகுதியைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டுங்கள்.
* பழைய மண்ணை வேறு தொட்டிக்குப் பயன்படுத்த வேண்டாம். தொட்டியை சோப்பு போட்டுக் கழுவுங்கள்.
* செம்மண், கோகோபீட், மணல், கொஞ்சம் மண்புழு உரம் கலந்து புதிதாக நடுங்கள். டிரைக்கோடெர்மா விரிடி கிடைத்தால், பாக்கெட்டில் சொன்ன அளவில் சேர்க்கலாம்.
* வெளிச்சமான நிழலில் வையுங்கள். புதுத் துளிர் வரும்வரை உரம் வேண்டாம்.

வேர் மொத்தமும் போயிடுச்சா? கவலை வேண்டாம். நல்ல கொடியில் கணுவுக்குக் கீழே வெட்டி, கணு மூழ்கும்படி தண்ணீரில் வையுங்கள். சில வாரங்களில் புது வேர் விடும்.

இனி வராமல் இருக்க...

தொட்டியின் அடியில் ஓட்டை அவசியம். தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டிவிடுங்கள். 'தினமும் ஒரு டம்ளர்' கணக்கெல்லாம் வேண்டாம். விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மழைக்காலத்தில் மண் சீக்கிரம் காயாது என்பதால், அப்போது இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தடவை செடி வாடினால், சொம்பை எடுக்கும் முன் மண்ணைத் தொட்டுப் பாருங்க!