வெப்பமண்டலக் கடல் வானிலை அறிக்கை

கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையே விரிந்து கிடக்கும் கடல்களில் காற்றும் மேகமும் அலையும் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன, அடுத்த சில நாட்களில் எங்கே தாழ்வுப் பகுதி உருவாகலாம், உருவானால் அது எந்தப் பக்கம் நகரும் என்று அன்றாடம் சொல்வது வெப்பமண்டலக் கடல் வானிலை அறிக்கை. புயல் வரும் நாளில் மட்டுமே இது செய்தியாகிறது. ஆனால் புயல் இல்லாத நாட்களிலும் தவறாமல் வெளிவருகிறது. வங்காள விரிகுடாவுக்கும் அரபிக்கடலுக்கும் டெல்லியிலுள்ள இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மண்டலச் சிறப்பு மையம் இதை எழுதுகிறது. அடுத்த ஒரு வாரத்தில் தாழ்வு மண்டலம் உருவாகும் வாய்ப்பு இல்லை, குறைவு, நடுத்தரம், அதிகம் என்று நான்கு படிகளில் அது குறிப்பிடும். கப்பல் மாலுமிக்கும் ஆழ்கடல் மீனவருக்கும் அந்த ஒற்றைச் சொல்லே பயணத்தை முடிவு செய்யும்.

உலக வானிலை அமைப்பின் ஏற்பாட்டில் இத்தகைய சிறப்பு மையங்கள் ஆறு இருக்கின்றன: மயாமி, ஹொனலுலு, டோக்கியோ, டெல்லி, ரீயூனியன் தீவு, பிஜியின் நாடி. ஆஸ்திரேலியாவைச் சுற்றிய கடல்களுக்கு அந்நாட்டின் வானிலைத் துறையே பொறுப்பு. இந்த எல்லைகளெல்லாம் மனிதர் வரைந்த கோடுகள். புயலுக்கு அவை கிடையாது. 2023 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கடலில் பெயர் சூட்டப்பட்ட ஃபிரெடி புயல் இந்தியப் பெருங்கடலின் தென்பாதி முழுவதையும் கடந்து மடகாஸ்கரையும், மொசாம்பிக்கை இரண்டு முறையும் தாக்கியது. 36 நாட்கள் நீடித்த அதை, பதிவான வெப்பமண்டலப் புயல்களிலேயே மிக நீண்ட ஆயுள் கொண்டது என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. வழியில் அதைக் கண்காணிக்கும் பொறுப்பு ஆஸ்திரேலியாவிடமிருந்து ரீயூனியனுக்குக் கைமாறியது.

வட இந்தியப் பெருங்கடலில் தரவரிசை காற்றின் வேகத்தைக் கொண்டு அமைகிறது. மணிக்கு 31 கி.மீ. எட்டினால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50ஐத் தாண்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐத் தொட்டால் புயல். அப்போதுதான் பெயர் சூட்டப்படும். 222 கி.மீ.யை எட்டினால் சூப்பர் புயல். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். டெல்லி மையம் மூன்று நிமிடச் சராசரிக் காற்றைக் கணக்கில் எடுக்கிறது. அமெரிக்க மையங்கள் ஒரு நிமிடச் சராசரியை எடுக்கின்றன. அதனால் ஒரே புயலுக்கு இருவேறு வேகங்கள் இணையத்தில் உலவும். பெரிய எண்ணைச் சொல்பவரே உண்மையைச் சொல்கிறார், மற்றவர் மறைக்கிறார் என்று பரவும் பேச்சுக்கு அடிப்படை இல்லை. அளவுகோல்தான் வேறு.

பெயர்ப் பட்டியலை 13 நாடுகள் சேர்ந்து தருகின்றன. 2020இல் வெளியான இன்றைய பட்டியலில் நாட்டுக்கு 13 வீதம் 169 பெயர்கள். இந்தியா கொடுத்தவற்றில் 'முரசு' ஒன்று.

கடலில் நடப்பதை எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? நிலத்தில் ஊருக்கு ஊர் கருவி வைக்கலாம், நடுக்கடலில் முடியாது. ஆகவே பெரும்பகுதி வேலை செயற்கைக்கோள்களுடையது. வங்காள விரிகுடாவை இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் ஆகியவை இடைவிடாமல் படம் பிடிக்கின்றன. படத்தில் தெரியும் மேகச் சுருளின் வடிவத்தைக் கொண்டே காற்றின் வேகத்தை மதிப்பிடும் முறையை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கரான வெர்னன் டிவோராக் உருவாக்கினார். அரை நூற்றாண்டு கழிந்தும் உலகின் மையங்கள் அதையே நம்பியிருக்கின்றன. விமானத்தைப் புயலுக்குள் அனுப்பி அளக்கும் வசதி அட்லாண்டிக் பகுதியில் வழக்கமாக உண்டு. வங்காள விரிகுடாவில் இல்லை.

செயற்கைக்கோளுக்குக் கடலின் மேற்பரப்பே தெரியும். அடியில் சேர்ந்திருக்கும் வெப்பத்தை அறிய நீருக்குள் இறங்கவேண்டும். ஆர்கோ மிதவைகள் அதைத்தான் செய்கின்றன. உலகக் கடல்களில் ஏறக்குறைய 4000 மிதவைகள் அலைகின்றன. ஒவ்வொன்றும் பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலேறி, வழியெல்லாம் வெப்பத்தையும் உப்பையும் அளந்து, தகவலை விண்ணுக்கு அனுப்பிவிட்டு மறுபடி மூழ்குகிறது. நங்கூரமிட்ட மிதவைகள் வேறு. இந்தியக் கடல்களில் அவற்றைப் பராமரிப்பது சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம். மிதவையின் நிழலில் மீன் கூடும், மீனைத் தேடிப் படகு வரும். கயிறும் வலையும் சிக்கிக் கருவி பழுதாவது அங்கே தீராத தலைவலி. தன்னைக் காக்கும் கருவி அது என்று தெரியாமல் அதில் படகைக் கட்டுபவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கருவியின் பயனைக் கரையில் இருப்பவர்கள் அவரிடம் போய்ச் சொல்லவேண்டும்.

பசிபிக்கில் நங்கூரமிட்ட மிதவைகள் பிறந்த கதை பாடம் நிறைந்தது. 1982-83இல் வந்த வலுவான எல் நினோ, அதாவது பசிபிக் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை, அது முற்றும்வரை அறிவியலாளர் கண்ணில் சரியாகப் படவில்லை. மெக்ஸிகோவின் எல் சிச்சோன் எரிமலை கக்கிய துகள்கள் செயற்கைக்கோளின் வெப்ப அளவீட்டைக் கெடுத்திருந்தன. அந்த அதிர்ச்சிக்குப் பிறகே நிலநடுக்கோட்டுப் பசிபிக்கின் குறுக்கே சுமார் 70 மிதவைகள் நிறுத்தப்பட்டன. அந்த வரிசை 1994இல் நிறைவடைந்தது. 1997-98 எல் நினோ வளர்வதை உலகம் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தது.

புயல் பிறக்க மேல்நீர் சுமார் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கவேண்டும். அது மட்டும் போதாது. காற்றைச் சுழற்றிவிடும் பூமியின் சுழற்சி விளைவு நிலநடுக்கோட்டருகே மிகக் குறைவு என்பதால் அங்கே புயல் உருவாவது அபூர்வம். சிங்கப்பூருக்கு அருகே ஏறத்தாழ ஒன்றரை டிகிரி வட அட்சத்தில் 2001 டிசம்பரில் உருவான வாமெய் அந்த விதிக்குப் பெயர்போன விலக்கு. மேலடுக்குக் காற்றும் கீழடுக்குக் காற்றும் வெவ்வேறு வேகத்தில் இழுத்தாலும் சுருள் கலைந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று உச்சத்தில் இருக்கும் ஜூலை, ஆகஸ்டில் வங்காள விரிகுடாவில் பெரும்புயல்கள் அரிதாக இருப்பதற்கு இதுவே காரணம். அதற்கு முன்னும் பின்னும், மே மாதத்தையும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் ஒட்டி, புயல் காலம் இரண்டு முறை வருகிறது. ரோலண்ட் மேடனும் பால் ஜூலியனும் 1971இல் விவரித்த, 30 முதல் 60 நாட்களில் உலகைச் சுற்றிவரும் மேகமூட்ட அலை இந்தியப் பெருங்கடல் மேல் வரும்போது புயலுக்கான வாய்ப்பு கூடுகிறது. இரண்டு வாரம் முன்னதாகவே ஒரு கோடி காட்ட முன்னறிவிப்பாளருக்கு இது உதவுகிறது.

புயல் செல்லும் பாதையைக் கணிப்பதில் கடந்த நாற்பது ஆண்டுகளில் பெரும் முன்னேற்றம். ஒடிசாவில் அதன் பலன் தெரிந்தது: 1999 அக்டோபரில் வந்த சூப்பர் புயல் ஏறக்குறைய பத்தாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று; 2013 அக்டோபரில் பைலின் வந்தபோது சுமார் பத்து லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள், இறந்தவர்கள் சில பத்துப் பேர். வலிமையைக் கணிப்பது அந்த அளவுக்குக் கைவரவில்லை. 2023 அக்டோபர் 24 காலையில் மெக்ஸிகோவின் பசிபிக் கரைக்கு அப்பால் ஓட்டிஸ் சாதாரணப் புயல். அன்று நள்ளிரவு கழிந்ததும் ஐந்தாம் வகைச் சூறாவளியாக அகபுல்கோ மேல் ஏறியது. கணினி மாதிரிகள் எதுவும் அதைச் சொல்லவில்லை.

வங்காள விரிகுடாவில் 2024 நவம்பரில் ஃபெங்கல் வேறு வகையில் சோதித்தது. புயலாகும் என்ற நாளில் ஆகவில்லை; வலுவிழக்கும் என்று சொன்னபின் 29ஆம் தேதி புயலாயிற்று; 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபின் நகராமல் நின்றுகொண்டது. ஒரே நாளில் புதுச்சேரியில் 48 செ.மீ. மழை. வேகத்தால் மதிப்பிட்டால் ஃபெங்கல் சிறியது. காற்றின் வேகத்தை மட்டும் வைத்து ஆபத்தை எடைபோடுவது எவ்வளவு தவறு என்பதற்கு அது நல்ல சான்று.

காற்றே இல்லாமலும் கடல் பொங்கும். கேரளத்திலும் குமரியிலும் கள்ளக்கடல் எனப்படுவது அது. அண்டார்டிகாவை நோக்கிய தென்கடலில் அடித்த பெருங்காற்று எழுப்பிய அலைகள் பல நாட்கள் பயணம் செய்து, தெளிந்த வானத்தின் கீழ் கரையேறுகின்றன. ஹைதராபாத்தில் 1999இல் தொடங்கப்பட்ட இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கான எச்சரிக்கையை வெளியிடுகிறது. 2024 மே மாதத் தொடக்கத்தில் அத்தகைய எச்சரிக்கை வந்த நாட்களை ஒட்டி, குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் மூழ்கி இறந்தார்கள். வெயிலடிக்கும் காலையில் கடல் ஆபத்தானது என்று யாருக்குத் தோன்றும்?

துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கு 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. தொலைவில் தாழ்வு மண்டலம் இருப்பதை 1 காட்டுகிறது. 8, 9, 10 பெரும் அபாயம். எச்சரிக்கை அலுவலகத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கு 11. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் ஏறும். கரையில் நிற்பவருக்கும் துறைமுகத்தை நெருங்கும் கப்பலுக்கும் போதுமான ஏற்பாடு இது. குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார விசைப்படகுகளோ வாரக்கணக்கில் தங்குகடலில் இருப்பவை. லட்சத்தீவையும் தாண்டிப் போகின்றன. கைபேசிச் சமிக்ஞை கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரோடு நின்றுவிடும்.

ஒக்கி புயல் அந்த இடைவெளியில்தான் புகுந்தது. 2017 நவம்பர் 29 முற்பகலில் இலங்கையின் தென்கிழக்கே தாழ்வு மண்டலம். மறுநாள் முற்பகலிலேயே குமரிக் கடலில் புயல். ஆழ்கடலில் பல நாட்களாக இருந்த படகுகளுக்கு எந்த வழியிலும் செய்தி எட்டவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தார்கள், பலர் திரும்பவே இல்லை. அறிக்கை எழுதுவது பாதி வேலை என்பதை அதிகார வட்டம் அதன் பிறகே ஒப்புக்கொண்டது. 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற சிறு கருவி அறிமுகமாயிற்று. ககன் என்ற செயற்கைக்கோள் அமைப்பின் வழியாக வரும் எச்சரிக்கையைப் பெற்று, புளூடூத் மூலம் மீனவரின் கைபேசியில் காட்டும். ஆனால் அது கேட்கும், பேசாது. தத்தளிக்கும் படகு கரைக்குக் குரல் கொடுக்க அதனால் முடியாது. இருவழித் தொடர்புள்ள டிரான்ஸ்பாண்டர்களை 13 கடலோர மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஒரு லட்சம் மீன்பிடி படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கப்பட்டது.